வாவியில் காற்றுப் பிடிக்கப் போனோம்

இனி நான் சொல்லப்போவதை எங்கள் வீட்டு நாய்கூட நம்பாது. ஆனாலும் மட்டக்களப்பு வாவியில் தோணிப் பயணம் போக நினைப்பவர்களின் நலன் கருதி எழுதியே ஆகவேண்டும்.

அக்காவின் மகள் யாழினி இரசாயன ஆராய்ச்சிக்காரி. மெதேன் வாயுவை, பொலித்தீன் செய்ய உதவும் எதிலீனாக மாற்றுகிற ஊக்கித் தூள் ஒன்றைச் செய்திருக்கிறாள். சிலிண்டர் வாயுவில் அது வேலை செய்தது. சேற்றிலிருந்து குமிழியிடும் அழுக்கு வாயுவிலும் செய்யுமா என்று பார்க்க, போன ஆனி மாதத்தில் ஆய்வுகூட உலை ஒரேயொரு பின்னேரம்தான் அவளுக்குக் கிடைத்தது. அன்று காலை அவளுக்குத் துணையாக உலகப் பேரறிஞனான நான் புறப்பட்டேன்.

கல்லடியில் 5.10க்கு பஸ், களுவாஞ்சிக்குடியில் 6.05க்கு இறக்கம். தோணிக்காரர் நல்லதம்பி மூன்று மணித்தியாலத்துக்கு 2500 ரூபாய் கேட்டார். கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீருக்குக் கூட்டிப்போனார். கொக்குகள் எழுந்து நின்று எனக்கு மரியாதை செய்தன. கம்பால் சேற்றைக் குத்தினால் எழும் குமிழிகளை, நீருக்குள் கவிழ்த்த போத்தலில் யாழினி பிடித்தாள். பூசணிக்காய்க் குமிழி ஒன்று தோணியை ஐம்பதடி தூக்கியது. ஆனாலும் போத்தல் நிறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது.

மூடியைத் தேடியவள் போத்தலை என்னிடம் தந்தாள். நானோ அதை வெளியே எடுத்து, தேத்தண்ணிப் போத்தல்போல நிமிர்த்திப் பிடித்தேன். அவ்வளவுதான். பிடித்த வாயு முழுவதும் வானத்துக்குப் போனது.

யாழினி வெறும் போத்தலை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

நல்லதம்பி தலையைச் சொறிந்தார். "குமிழி கொதிக்கிற இடம் ஒண்டு கிடக்கு புள்ள. சேத்துக்குள்ள நிக்கிற கண்ணாக் காட்டுப் பக்கம். நாறும்."

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணன்?" என்றேன்.

"வந்த ஆக்கள நாத்தத்துக்குள்ள கொண்டு போறதா? என்னகா கதைக்கிறீங்க?"

இருபது நிமிடத்தில் போத்தல் நிறைந்தது. யாழினி என்னை அதன் பக்கம் அண்டவிடவில்லை.

பின்னேரம் 3.40, ஆய்வுகூடம். யாழினி அந்த வாயுவை உலைக்குள் தன் தூளின் மேல் செலுத்தினாள். எதிலீன் வரவேண்டிய இடத்தில் கணினித் திரையின் வரைகோட்டில் ஒரு மலை எழுந்து கூரையை இடித்தது.

போகிறவர்களுக்கு: காற்று எழும்புமுன், ஒன்பதரைக்குள் கரையேறுங்கள். சேறு தெறிக்கும், மாற்றிக் கட்ட ஒரு சாரம் அவசியம். அழகான இடத்தைக் கேட்காதீர்கள், தோணிக்காரர் காட்ட வெட்கப்படும் இடத்தைக் கேளுங்கள்.

சரி, தோணி பறக்கவில்லை. கொக்குகள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. கூரையும் பத்திரமாக இருக்கிறது. திரையில் எழுந்தது ஒரு நெல்மணி உயரம்தான். ஆனால் அது எழுந்தது உண்மை.