லிமெரிக் பாரின் வியாழக்கிழமை

கோப்பை கழுவுகிறவன் கைக்கு உலக வரலாறும் எச்சிலாகத்தான் வந்து சேரும்.

லிமெரிக் என்பது அயர்லாந்தில் ஷானன் ஆற்றங்கரையில் இருக்கிற நகரம். அதற்கு நடந்த அநியாயங்களை ஒழுங்கு தப்பாமல் சொல்கிறேன். முதலாவது, ஆற்று வழியே கப்பலில் வந்த வைக்கிங்குகள். இரண்டாவது, கரையில் கோட்டை கட்டிக்கொண்டு போக மறுத்த நோர்மன்கள். மூன்றாவது, முற்றுகைகள். நான்காவது, ஆற்றோரம் ஒரு கல்லின் மேல் வைத்துக் கையெழுத்திட்டதாகச் சொல்லப்படும், பிறகு மீறப்பட்ட ஒப்பந்தம். ஒப்பந்தம் மீறப்படுவது எப்படியென்று நம்மவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஐந்தாவது, பஞ்சம். ஆறாவது, ஊருக்குள் வேலைக்குப் போகப் பாலத்தில் பிரிட்டிஷ் ராணுவத்திடம் பாஸ் காட்ட வேண்டுமென்ற கட்டளை. ஏழாவது, இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்தில், போர்கோ வெக்கியோ என்ற பகுதியின் ஓரத்தில், நினோ என்பவர் திறந்த ‘லிமெரிக்’ ஐரிஷ் பார்.

ஏழாவது அநியாயத்தின் அடுப்படியில்தான் நான் நிற்கிறேன். நாங்கள் மூன்று பேர். சிவராசா என்கிற நான் கழுவுகிறேன். மன்னார்ப் பிள்ளை திரேசா சமைக்கிறாள். கபோ சந்தைப் பக்கத்துப் பையன் சால்வோ பீர் ஊற்றுகிறான். பார் வாரத்தில் ஏழு நாளும் திறந்திருக்கும். திரேசாவின் புருஷன் சூசை பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு கிழவரை வீட்டோடு தங்கிப் பார்க்கிறான். அவனுக்கு வியாழக்கிழமை மட்டும்தான் லீவு. ஆகவே, கோப்பை கழுவிய தோழர்களே, எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: வியாழக்கிழமை கடையைப் பூட்ட வேண்டும். திரேசா தன் புருஷனைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

பெட்டியில் வந்த அயர்லாந்து

நினோ அயர்லாந்துக்குப் போனதில்லை. பார் முழுவதும் பெட்டிகளில் வந்திறங்கியது. பழசு போலச் செய்த புது மேசைகள், யாரும் வாசிக்காத வயலின், சுவரை மூடுகிற அளவுக்கு ஒரு படம். படத்தில் ஆறு, கோட்டை, பாலம். கீழே ‘லிமெரிக்’ என்று எழுதியிருந்தது. அதையே கடைக்குப் பெயராக வைத்துவிட்டார்.

நான் அந்தப் படத்தின் முன் ஈரக்கையோடு நின்றுவிட்டேன். இருபது வயதில் ரோனியோ அடித்த ஒரு பிரசுரத்தில் படித்த ஊர் அது. அந்த ராணுவப் பாஸை எதிர்த்துத் தொழிலாளர் ஊரையே கைப்பற்றி, பாணுக்கு விலை வைத்து, சொந்தக் காசும் அடித்து, இரண்டு கிழமை ஆண்டார்கள். “இது சாதாரண ஊர் இல்லை, சிஞ்ஞோர் நினோ” என்று தொடங்கி, பிரசுரத்தின் நான்காம் பக்கம் வரை வந்துவிட்டேன்.

பின்னாலிருந்து திரேசாவின் குரல் வந்தது: “அண்ணை, புரட்சியைப் பிறகு செய்யலாம். இப்ப உந்தச் சட்டியைக் கழுவித் தாங்கோ.”

ஊர்க்காரி வந்தாள்

ஒரு மாரிகாலம் அசல் லிமெரிக் மனுஷியே வந்து சேர்ந்தார். பெயர் மோரீன். அங்கே பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். குளிருக்குப் பயந்து பலெர்மோவில் அறை எடுத்திருந்தார். நான் ஏப்ரனைக் கழற்றி, தலை வாரிக்கொண்டு போய், அவருடைய ஊர் வரலாற்றை அவருக்கே சொன்னேன். ஊருக்கு வெளியே போன தொழிலாளர் திரும்பி வரும்போது, பாலத்தில் பட்டாளம் மறித்ததையும், அவர்கள் வட்டமாகச் சுற்றிச் சுற்றி நடந்து, ஒவ்வொரு சுற்றிலும் வழி கேட்டதையும் கையைக் காலை ஆட்டி நடித்தே காட்டினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு இன்றைய ஊரைச் சொன்னார். அமெரிக்கக் கம்பெனிகள் வந்துவிட்டனவாம். காலியான அறை எல்லாம் மாணவர்களுக்கு. வாடகை கட்ட முடியாமல் நரைத்த மகன் இன்னும் தாயோடு இருக்கிறான். ரக்பி நாளில் செத்த வீட்டுக்கும் ஆள் வராது. “பட்டாளமெல்லாம் எப்போதோ போய்விட்டது” என்றார் மோரீன். “காலை எட்டு மணிக்கு அந்தப் பாலத்தில் என் பஸ்ஸை மறித்தது முழுக்க எங்கள் சனத்தின் கார்கள்தான்.”

ஸ்டூ

ஐரிஷ் ஸ்டூ என்பது ஆட்டிறைச்சியையும் உருளைக்கிழங்கையும் ஒருவரையொருவர் அறிமுகம் செய்யாமல் அவித்து வைப்பது. திரேசா நினோவின் குறிப்புப்படிதான் வைப்பாள். நினோ அந்தப் பக்கம் போனதும் மிளகு போடுவாள். இன்னும் கொஞ்சத் தூரம் போனால் யாழ்ப்பாணத்துத் தூள் போடுவாள். ஒரு நாள் நினோ வங்கிக்குப் போய்விட்டார். அன்று ஸ்டூ சிவப்பாக இருந்தது.

அன்று பார்த்துத்தான் மோரீன் வந்தார். ஒரு கரண்டி வாயில் வைத்தார், மூக்கைத் துடைத்தார், கண்ணையும் துடைத்தார். திரேசா கதவிடுக்கில் நின்று சூசையப்பரைக் கூப்பிட்டாள், புருஷனையா புனிதரையா என்று நான் கேட்கவில்லை. மோரீன் கோப்பையை நீட்டினார்: “என் அம்மா வைப்பது போலவே இல்லை. அதனால் இன்னொரு கோப்பை தாருங்கள்.”

வட்டம்

மூன்று முறை கேட்டும் நினோ வியாழனைத் தரவில்லை. வேலைநிறுத்தம் என்று தீர்மானித்தோம். அதாவது நான் தீர்மானித்தேன், மற்ற இருவரும் களைத்துப்போய்ச் சம்மதித்தார்கள். முறை, லிமெரிக் முறை. துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் நின்ற ஒரு வியாழன் மத்தியானம், மூவரும் ஏப்ரனோடு வாசலுக்கு வந்து வட்டமாக நடந்தோம். வாசலை அடைந்ததும் ஒவ்வொருவராக நினோவிடம் கேட்பது: “வியாழன் உண்டா?” அவர் இல்லை என்பார். திரும்ப ஒரு சுற்று.

கப்பல்காரர் பார்த்தார்கள். சனம் வாசலுக்குப் போகிறது, கெஞ்சுகிறது, திருப்பி அனுப்பப்படுகிறது, ஆனாலும் விடாமல் மறுபடி போகிறது. லேசில் இடம் கிடைக்காத கடையென்றால் சாப்பாடு எப்படி இருக்கும் என்று யோசித்திருக்க வேண்டும். சால்வோவுக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒரு தம்பதி சேர்ந்துகொண்டது. அவர்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம். மோரீனும் வந்து சேர்ந்தார், அவர் ஒருவர்தான் விஷயம் தெரிந்து நடந்தவர். வட்டம் பெருத்து மீன்காரனின் தள்ளுவண்டியையும் உள்ளே எடுத்துக்கொண்டது. வாழ்நாளில் நான் நடத்திய போராட்டங்களில் அவ்வளவு சனம் எதற்கும் வந்ததில்லை.

நினோவின் கண் கலங்கிவிட்டது. வாசற்படியில் நின்று இரண்டு கையையும் விரித்து, என்னைத் தோழர் என்றே கூப்பிட்டார்: “கொம்பாஞ்ஞோ, இதை ஒவ்வொரு வியாழனும் செய்.”

திரேசாவின் பேச்சுவார்த்தை

நான் கோரிக்கை உரையை எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டேன். திரேசா அதற்குள் வட்டத்தை விட்டு விலகி, பீர்ப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன, உள்ளே போ, இத்தனை பேர் பசியோடு நிற்கிறார்கள்” என்றார் நினோ.

“ஓம், நிக்கினம்” என்று தமிழில் சொல்லிவிட்டு, அவருக்கு விளங்கும்படி இத்தாலியனில் சொன்னாள். “சமையலறை அங்கே இருக்கிறது. நீங்கள் சமையுங்கள்.”

நினோ சனத்தைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், முட்டை பொரிக்கத் தெரியாத தன் கைகளைப் பார்த்தார். என் உரை ஆறு பக்கம். முதல் பக்கத்தை நான் விரிக்குமுன் சொல்லிவிட்டார்: “சரி, வியாழன் பூட்டு. போய் அடுப்பைப் பற்றவை.”

வாக்கெடுப்பு

அன்று பின்னேரம் நினோவுக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. பீர்ப் பீப்பாக்கள் வந்திறங்குவது வியாழக்கிழமைகளில். கடை பூட்டியிருந்தாலும் அவற்றை எடுத்து உருட்டிவைக்க ஒருவர் வர வேண்டும். யார் என்பதை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

ரகசிய வாக்கெடுப்பு என்று சொன்னது நான். பொதுச் சாட்சிகள் முன்னால் எண்ண வேண்டுமென்று சொன்னதும் நான். வியாழனன்று வர வேண்டியவர் பெயரை ஆளுக்கொரு துண்டுக் கடதாசியில் ஆங்கில எழுத்தில் எழுதி, மடித்து ஒரு பீர்க் கிளாஸில் போட்டோம். நினோவும் மீன்காரனும் சாட்சி. வாசிக்க மோரீன்.

முதல் துண்டில் சால்வோவின் பெயர். சால்வோ என்னைப் பார்த்தான். நான் சுவர்ப் படத்திலிருந்த லிமெரிக் கோட்டையைப் பார்த்தேன். “யார் போட்டதென்று கேட்க மாட்டேன், கொம்பாஞ்ஞோ” என்றான். “ரகசிய வாக்கெடுப்பு அல்லவா.”

இரண்டாவது துண்டில் என் பெயர். திரேசா சேலைத் தலைப்பு இல்லாத குறைக்கு ஏப்ரனால் வாயை மூடிக்கொண்டாள். “கோவிக்காதேங்கோ அண்ணை. இவர் வாற நாளிலை நான் பீப்பா உருட்டினா நல்லா இராது.”

ஆயுள் முழுக்க ரகசிய வாக்குரிமைக்காகத் தொண்டை கிழியக் கத்தியவனுக்கு அது கடைசியில் வழங்கிய பதவி எதுவென்பதை, மோரீன் மூன்றாவது துண்டையும் பிரித்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, சாட்சிகள் எல்லாருக்கும் கேட்க உரக்க வாசித்தார்: “சிவராசா.”