நான்காம் நூலில் நின்ற பாலம்

எங்கள் அக்காள், கோலா சிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், கால்வாய்க்கு அந்தப் பக்கம், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தார். அப்பா குலை வெட்டினார். அம்மா களைக்கு மருந்தடித்தார். பிள்ளைகள் நாங்கள் இருவர். நான் ஆறாம் வகுப்போடு நின்று, பிறகு லோரி ஓட்டினேன். அக்காள் நிற்கவில்லை. கோலாலம்பூரில் பொறியியல் படித்து, அங்கேயே கல்லூரியில் விரிவுரையாளர் ஆனார்.

அவர் செய்த ஒரு காரியத்தை இங்கே எழுதுகிறேன்.

எண்பதுகளில் எங்கள் லயத்துப் பாலத்தின் இரும்பு உத்திரங்கள் தொய்ந்தன. பாலத்தை மூடிவிட்டு, லயத்து நாற்பது குடும்பங்களையும் வேறு தோட்டத்துக்கு அனுப்புவதென நிர்வாகம் முடிவு செய்தது. அப்பா கோழிக்கூண்டைப் பிரிக்கத் தொடங்கினார்.

சேதி கேட்டு அக்காள் வந்தார். சேலையைச் செருகிக்கொண்டு பாலத்தடியில் இறங்கி உத்திரங்களை அளந்தார். நிர்வாகியிடம் போய், பாலம் தாங்குமா என்று கணக்குப் போட்டுக் காட்ட ஒரு மாதம் தவணை வாங்கினார்.

ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சிரித்தார். "பாலம் இரும்பும்மா. உங்க காகிதம் தாங்குமா?"

"அதத்தான் பாக்கப் போறோம்," என்றார் அக்காள்.

எனக்கு அவர் விளக்கியது இதுதான். பாரம் ஏறினால் உத்திரம் வளையும், இறங்கினால் நிமிரும். பாரம் மிஞ்சினால் கொஞ்சம் வளைவு தங்கிவிடும். திரும்பத் திரும்ப ஏறும்போது அந்த வளைவு கூடிக்கொண்டே போகுமா, ஓரிடத்தில் நிற்குமா? ஓர் ஏற்றத்துக்குக் கையால் கணக்குப் போடலாம். ஆயிரம் ஏற்றத்துக்கு முடியாது. கல்லூரிக் கம்ப்யூட்டர் உத்திரத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் தங்கியதைக் கூட்டிக்கொண்டே போகும்.

குலை லோரியின் எடைச்சீட்டுகளைக் கொடுத்தேன். மறு சனிக்கிழமை வந்து சொன்னார்.

"இன்னும் ரெண்டு நூல் இறங்கும் தம்பி. அதோட நின்னுரும்."

நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. தினமும் கடைசி லோரி போன பிறகு, கரைக்குக் கரை கம்பி இழுத்துக் கட்டி, உத்திரம் அதற்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்தேன். இரண்டு வந்தது. நிற்கவில்லை. மூன்றும் வந்தது.

"ரெண்டுன்னாங்களே," என்றார் கிராணி. "பாலத்துக்குத் தமிழ் தெரியாது போல லா."

அக்காள் வந்து கம்பியைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"எண்ணெய் ஆலையிலேருந்து திரும்பி வர்றப்ப வெறும் லோரிதானே?"

"ஆமாக்கா. உரம் மட்டும் ஏத்திக்கிட்டு வருவோம்."

"தம்பி, அது பாரம் இல்லையா?"

எங்களுக்குப் பாரம் என்றால் குலை. ஏற்றம் என்று எண்ணுவதும் அதைத்தான். உரம் தோட்டத்துச் சாமான், வருகிற வழியில் கொண்டுவந்து போடுவது. ஆனால் உர மூட்டை குலையைவிடக் கனம். நான் தலை குனிந்தேன்.

"நீ சொல்லாதது தப்பில்ல. நான் கேக்காததுதான் தப்பு. மூட்டை எத்தனை, சொல்லு."

இரண்டு நாளில் மடித்த காகிதக் கட்டோடு வந்தார். "உர லோரி பாதி மூட்டையோட வரணும். அப்படின்னா நாலு நூல்ல நின்னுரும். முழுசா ஏத்தினா நிக்கவே நிக்காது, இறங்கிக்கிட்டே இருக்கும்."

எல்லா டிரைவர்களிடமும் சொன்னேன். பாதி மூட்டையோடு வந்தார்கள். கம்பி நான்கு காட்டியது. மறுநாளும் நான்கு. தவணை முடிந்த அன்று நிர்வாகியே வந்தார். குலை நிறைந்த லோரியைப் பாலத்தில் பத்து முறை ஓட்டச் சொன்னார். அக்காள் கரையில் நின்றார்.

"எடு தம்பி," என்றார்.

பத்து முறை ஓட்டினேன். நிர்வாகி தாமே குனிந்து அளந்தார். நான்கு.

கிராணி என் பக்கம் வந்தார். "பாலம் தமிழ் கத்துக்கிச்சு," என்றார்.

பாலத்தில் எடை வரம்புப் பலகை மாட்டினார்கள். லயம் கலையவில்லை. அப்பா கூண்டைத் திரும்பக் கட்டினார்.

பிறகு பல தோட்டத்துப் பாலங்களுக்கு அக்காளை அழைத்தார்கள். எங்கே போனாலும் முதலில் டிரைவர்களிடம்தான் பேசுவார். "திரும்பி வர்றப்ப என்ன ஏத்துவீங்க?" என்பார். கடைசி நோயில் லயத்துக்கே வந்துவிட்டார். வலியைப் பற்றிப் பேசியதில்லை. சென்ற ஆண்டு அவர் உடலைக் கொண்டுபோன வண்டியும் அந்தப் பாலத்தைக் கடந்தது. மறுநாள் நான் கம்பி கட்டி அளந்தேன். நான்கு.

நோயில் உடனிருந்த தாதிக்கும், தோள் கொடுத்த லயத்தாருக்கும், கல்லூரி நண்பர்களுக்கும், மூட்டையைப் பாதியாக்கிய டிரைவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அவருடைய முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு இன்று நீங்கள் எல்லோரும் அந்தப் பாலத்தில்தான் வந்தீர்கள்.