விமானத்து மணமும் என் கண்ணூறும்

என் தங்கச்சி விமானப் பணிப்பெண். எங்கள் ஊரான சரவணையில் என்னை யாருக்காவது அறிமுகம் செய்வதென்றால் அதைச் சொல்லாமல் முடியாது. "உவ ரீச்சர். பிளேனில வேலை செய்யிற பிள்ளையின்ர தமக்கை" என்பார்கள். நான் எழுத்துப் பழக்கிய பிள்ளைகள் சிலர் இப்போது தங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு என் வகுப்புக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் நான் தமக்கைதான்.

பொறாமை என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவள் பனி கொட்டும் ஏதோ ஒரு நகரத்தில் நின்று படம் அனுப்புவாள். நான் அதைப் பட்டணத்துப் பஸ்ஸுக்குக் காத்து நின்று, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பேன். வீட்டுக்கு வந்தால் அம்மா அதே படத்தை, நான் பார்த்தேயிராத மாதிரி, இன்னொரு தரம் காட்டுவார். "எப்பிடி நிக்கிறாள், பார்" என்பார். நானும் நின்றுகொண்டுதான் இருப்பேன். என்னை யாரும் பார்ப்பதில்லை.

இந்த வருடம் லீவில் வந்தபோது அவள் கை நடுங்கியது. தேத்தண்ணிக் கோப்பையை வைத்தால் தட்டில் கடகடவென்று அடித்தது. வாயில் சொல்லும் வரவில்லை. அலுமாரியைக் காட்டி, "அது, அது" என்று திணறுவாள். தலையிடி என்று அறையை இருட்டாக்கிக்கொண்டு படுப்பாள். கேள்விப்பட்டு ஊரே திரண்டது. ஒருவர் நண்டு கொண்டு வந்தார், ஒருவர் ஆட்டுப்பால். எனக்கும் வருடக்கணக்காகத் தலையிடி இருக்கிறது. "பள்ளிக்கூடத்தில கத்தினால் இடிக்கும்தானே" என்று அம்மா ஒரே வரியில் என் வைத்தியத்தை முடித்திருந்தார். வருத்தத்தில்கூட அவளுக்குத்தான் மவுசு என்று எனக்கு வயிறு எரிந்தது.

வேலை செய்யும் இடத்து டொக்டர் களைப்பு என்று சொல்லியிருந்தார். அம்மா அதை ஏற்கவில்லை. "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது" என்று சொல்லி கண்ணூறு, நாவூறு கழிக்க ஆயத்தமானார். எங்கள் பக்கத்தில் அதற்கு உப்பும் செத்தல் மிளகாயும் மட்டும் போதாது. யாருடைய கண் பட்டிருக்கும் என்று சந்தேகமோ, அவர்களுடைய வாசல் படலையடி மண்ணும் வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துத் தலையைச் சுற்றித் தணலில் போடுவார்கள். யாருடைய மண் என்று வாய் திறந்து சொல்வதில்லை.

அன்று காலை என் படலையடியில் அம்மா குனிந்து நின்றார். எனக்குச் சீதனமாய்த் தந்த வீடு, அம்மாவின் வளவுக்கு அடுத்த வேலி.

"என்னம்மா தேடுறீங்கள்?"

"ஒண்டுமில்லை, பிள்ளை. கொஞ்சம் மண்."

ஒளிக்கவுமில்லை, கூசவுமில்லை. சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போய்விட்டார். அயலட்டைக் கண்களின் வரிசையில் வயிற்றில் பிறந்த என்னையும் சேர்த்துவிட்டாரே என்று எனக்குக் கோபம் கோபமாய் வந்தது. அம்மா பிழையாக எடுத்திருந்தால் அவ்வளவு கோபம் வந்திராது.

பின்நேரம் தங்கச்சியைக் கதிரையில் இருத்தினார். புகை வீணாய்ப் போகக்கூடாது என்று யன்னல்களைச் சாத்தி, கதவையும் மூடினார். மிளகாய் கமறாவிட்டால் கண்ணூறு நிச்சயம் என்பார்கள். கமறியது. அம்மாவுக்கும் எனக்கும் இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. தங்கச்சி இருமவில்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பி, கதவு எந்தப் பக்கம் என்பதையே மறந்தவள் போலச் சுவரைத் தட்டினாள். கண் நிலைகுத்தி நின்றது. "அதைத் திறவுங்கோ, அதை" என்றாள். கதவு என்ற சொல் வரவில்லை.

"விடு, பிடிச்சது போகுது" என்றார் அம்மா.

நான் கதவை இழுத்துத் திறந்து அவளைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். முகத்தில் தண்ணீர் அடித்த பிறகுதான் அவளுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

"அண்டைக்கும் இப்பிடித்தான் அக்கா" என்றாள். "பிளேன் இறங்கப் பதியேக்குள்ள நனைஞ்ச சொக்ஸ் மாதிரி ஒரு மணம் வந்தது. கண் எரிஞ்சுது, தொண்டை இறுகிச்சுது. அங்க யன்னலைத் திறக்க ஏலுமே?"

அப்போதுதான் முழுவதும் சொன்னாள். பெரும்பாலான விமானங்களில் உள்ளே மூச்சு விடும் காற்று எஞ்சினிலிருந்துதான் வருகிறதாம். எஞ்சினுக்குள் எண்ணெய் கசிந்தால் சூட்டில் ஆவியாகி அந்தக் காற்றோடு கலந்து வருமாம். பயணிகள் மூக்கைச் சுளித்துவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள், இவள் அடுத்த விமானத்தில் ஏறுவாள். லேசான மணம் பல தரம் வந்ததாம், ஒரு நாள் கடுமையாக வந்ததாம். அதற்குப் பிறகுதான் நடுக்கம். அந்தக் காற்றில் என்ன இருந்தது என்று அளந்து சொல்ல உள்ளே ஒரு கருவியும் இருக்கவில்லை. இதனால்தான் வருத்தம் வருகிறது என்பதை எல்லா டொக்டர்மாரும் ஒத்துக்கொள்வதுமில்லையாம்.

"உங்கட டொக்டரிட்ட இதைச் சொன்னனியே?"

"இல்லை. களைப்பு எண்டு மட்டும்தான் சொன்னனான். மற்றதைச் சொன்னால் பறக்க விடமாட்டினம்."

லீவு முடிந்ததும் மறுபடி பரிசோதனை இருந்தது. சொன்னால் வானம் போய்விடும். சொல்லாவிட்டால் அதே காற்றுக்குள் திரும்பப் போகவேண்டும்.

"அக்கா, நான் என்ன செய்யிறது?"

"எல்லாத்தையும் சொல்லு. ஒண்டையும் ஒளிக்காதை" என்றேன். யோசிக்கவே இல்லை. யாரைக் கேட்டாலும் அதுதான் சரியான பதில் என்பார்கள். ஆனால் அந்தக் கணத்தில் என் மனதில் வந்தது அவளுடைய சுவாசப்பையா, எங்கள் எல்லாரையும் போல அவளும் தரையில் நடக்கப்போகிறாள் என்ற குளிர்ச்சியா என்று எனக்குத் தெரியாது. இரண்டும் வந்தன. எது முதலில் வந்தது என்று இன்றும் பிரித்துச் சொல்ல ஏலாமல் இருக்கிறது.

அவள் சொன்னாள். அவளைப் பறக்கும் வேலையிலிருந்து எடுத்துவிட்டு, அங்கேயே ஒரு கந்தோரில் மேசை வேலைக்குக் கதிரை கொடுத்தார்கள். அம்மா ஊருக்குப் பதவி உயர்வு என்று சொல்லி வைத்திருக்கிறார்.

போன கிழமை தங்கச்சி போன் எடுத்தாள். நடுக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறதாம். சொற்கள் இன்னும் தவறுகின்றனவாம்.

"எல்லாரும் நான் பறக்கிறதைத்தான் பாத்தவை, அக்கா" என்றாள். "நீங்கள் ஒராள்தான் என்னைப் பாத்தனீங்கள்."

நான் ஓம் என்றேன்.