முகம் சரியில்லாத வெளிநாட்டுக்காரன்

குவோ முதலாளிக்கு வாய்க்கு முன்னால் கை போகும். எர்மெக் அவருடைய பேட்டரிக் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போன அன்றே ஒரு தேநீர்க் குடுவை அவன் காதை உரசிக்கொண்டு பறந்துபோய்ச் சுவரில் நொறுங்கியது. அது அவனுக்கு எறிந்ததில்லை, பின்னால் நின்ற மேலாளருக்கு.

"வெளிநாட்டு இன்ஜினியரைக் கூட்டிட்டு வாடான்னா, தெருமுனை லான்ஜோ நூடுல்ஸ் கடைக்காரனைப் புடிச்சிட்டு வந்திருக்கே! இந்த மூஞ்சியைக் காட்டினா எவன்டா நம்புவான்?"

எர்மெக் கிர்கிஸ்தானத்துக்காரன். சீனாவில் ஹார்பினில் பேட்டரிப் படிப்பு படித்தவன். சீன மொழியைச் சீனன் மாதிரியே பேசுவான். சின்னக் கண்ணும் அகலக் கன்னமுமாக ஆளும் அப்படியேதான் இருப்பான். அதுதான் அவனைப் பிடித்த சனியன். தொங்குவானில் அவன் பார்த்துக்கொண்டிருந்த வேலை, கம்பெனியை இழுத்து மூடியதோடு போயிற்று. மாதம் முடிவதற்குள் வேறொரு முதலாளி வேலை அனுமதிக்குக் கையெழுத்துப் போடாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். போன இடமெல்லாம் ஒரே பல்லவி. பார்த்தால் உள்ளூர்ப் பையன் மாதிரி இருக்கிறாய், உனக்காக அரசாங்க ஆபீஸுக்கு நாங்கள் ஏன் அலைய வேண்டும்?

குவோ கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த கிரில் என்ற ரஷ்யப் பையனைப் பிடித்து, வெள்ளைக் கோட்டு மாட்டி, ஜெர்மன் நிபுணர் என்று நிறுத்தினார். பொன்னிற முடி, நீலக் கண். பேட்டரியில் எது தலை எது கால் என்று அவனுக்குத் தெரியாது.

"மூஞ்சிக்கு அவன், வேலைக்கு நீ. வாங்க வர்ற பார்ட்டியெல்லாம் சரக்கைப் பார்த்துட்டுப் போகட்டும், கையெழுத்துப் போடறேன்" என்றார்.

எர்மெக்கின் வேலை, பேட்டரியைக் குத்திச் சோதிக்கிற ஆணி அறையில். கனத்த இரும்புப் பெட்டிக்குள் ஸ்கூட்டர் பேட்டரியை வைத்துக் கதவைச் சாத்தி, நெம்புகோலை இழுத்தால் மேலிருந்து ஆணி இறங்கிக் குத்தும். நல்ல பேட்டரி புகைந்து அடங்கும். குவோவின் பேட்டரி படாரென்று வெடித்து, கதவுக் கண்ணாடியில் தீயைக் கக்கும். இதைத்தானே சனங்கள் மாடிப்படிக்குக் கீழே ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குகிறார்கள்!

அறையில் கூட வேலை பார்த்த சூ, ஹூனான்காரர். எப்போதும் வாயில் பாக்கு.

"பார்ட்டி வர்றப்போ சார்ஜ் இறக்கினதை வெச்சுக் குத்துவோம் தம்பி. பூனைக்குட்டியாட்டம் சுருண்டு கிடக்கும். கதவைத் திறந்து வெச்சுட்டே போட்டோ எடுத்துக்கலாம்."

"முழு சார்ஜ்ல ஒண்ணுகூடத் தாங்கலையே அண்ணே!"

"உனக்குக் கையெழுத்து வேணுமா வேண்டாமா? அதைச் சொல்லு முதல்ல."

எர்மெக் அடுத்த பேட்டரியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தான். வேணும். அதற்குத்தானே இத்தனை மானங்கெட்ட பிழைப்பு.

செங்துவிலிருந்து தெங் அம்மா வந்தார். ஸ்கூட்டர் வியாபாரி, லேசுப்பட்டவர் இல்லை. மேசையில் தயாராக வைத்திருந்த பேட்டரியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேரே அனுப்புவதற்கு அடுக்கியிருந்த வரிசைக்குப் போய் ஒன்றைத் தட்டினார்.

"இதைக் குத்துங்க, பார்ப்போம்."

அது முழுக்கச் சார்ஜ் ஏற்றியது. குவோவின் முகம் வெளுத்தது. ஆனால் இத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்றால் மானம் போகும். பல்லைக் காட்டிக்கொண்டு, "தாராளமா!" என்றார். கிரில் அதைப் பெட்டிக்குள் வைத்து, வழக்கம்போல் கதவை அகலத் திறந்து விட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே நெம்புகோலில் கையை வைத்தான்.

"இழுக்காதே!" என்று எர்மெக் ரஷ்ய மொழியில் அலறிக்கொண்டு பாய்ந்தான். ஆணி இறங்கிவிட்டது. கிரிலைத் தோளால் முட்டித் தள்ளி, கதவை உதைத்தான். பாதிதான் மூடியது. இடுக்கு வழியே தீ நாக்கு நீண்டு கிரிலின் வலது கையைச் சட்டையோடு கவ்விக்கொண்டது. எர்மெக்கின் புருவம் கருகியது. அடுத்த வெடியில் கதவே பிய்ந்து, சூவின் முழங்காலை உடைத்தது. கிரில் தரையில் உருண்டு அம்மா அம்மா என்று கதறினான். எர்மெக் தன் கோட்டைப் போட்டு அழுத்தி அணைத்தான். கோட்டை எடுத்தபோது தோலும் கூடவே வந்தது.

புகைக்குள்ளிருந்து குவோ வந்தார். காயம்பட்டவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எர்மெக்கின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி அறைந்தார்.

"பாவி, என் பார்ட்டி முன்னால கத்தினியே!"

மறுபடி அறைந்தார். மூன்றாவது அறைக்கு ஓங்கிய கையை எர்மெக் முறுக்கினான். எத்தனை கம்பெனி, எத்தனை இளிப்பு! எல்லாவற்றையும் சேர்த்து மூக்கில் ஒரே குத்து. எலும்பு நொறுங்கியது கையில் தெரிந்தது. ஐயோ, மனசு எவ்வளவு குளிர்ந்தது அவனுக்கு! விழுந்தவர் மேல் ஏறி உட்கார்ந்து இன்னும் குத்தினான். நாலு பேர் சேர்ந்து இழுத்த பிறகுதான் விட்டான்.

போலீஸ் நிலையத்தில் தெங் அம்மாவும் சாட்சி சொல்ல வந்திருந்தார். சமரசமாகப் போங்கள் என்றார் அதிகாரி. குவோ மூக்கில் பஞ்சோடு எர்மெக்கின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பேட்டரியில நீதான் ஏதோ நோண்டிட்டேன்னு சொல்லு. நான் புகாரை வாபஸ் வாங்கறேன். கையெழுத்து இன்னிக்கே. சத்தியமா."

பொய்யில்லை, போடுவார். எர்மெக்குக்கு அது தெரியும். அவன் தன் கோட்டைப் பார்த்தான். அதில் கிரிலின் தோல் காய்ந்து ஒட்டியிருந்தது.

"நான் எதையும் நோண்டலை சார்" என்றான் அதிகாரியைப் பார்த்து உரக்க, தெங் அம்மாவின் காதில் விழட்டும் என்றே. "அங்க அடுக்கியிருக்கிற அத்தனையும் இப்படித்தான் வெடிக்கும். போய்க் குத்திப் பாருங்க."

தெங் அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார், குவோவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எர்மெக்கை அடிதடிக்காக உள்ளே வைத்தார்கள். வெளியே வந்தபோது மாதம் முடிந்துபோயிருந்தது.

விமான நிலையத்தில், கருகிய புருவத்தோடு வெளிநாட்டவர் வரிசையில் நின்றான். காவலர் பெண் ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"அண்ணே, இது வெளிநாட்டுக்காரங்க வரிசை. நம்ம ஆளுங்களுக்கு அந்தப் பக்கம்."

எர்மெக் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினான்.

"நான் வெளிநாட்டுக்காரன்தாம்மா."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், சிரித்தாள்.

"அட, நம்பவே முடியலையே! இவ்வளவு நல்லாப் பேசறீங்க, இங்கேயே ஒரு வேலை தேடிக்கலாமே?"