எர்மெலிந்தாவின் வயது

மக்தலேனா ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊரில் நெல்ஃபி சொன்னால்தான் எதுவும் நடந்ததாகக் கணக்கு. மூன்று சக்கர வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, மீன் வந்ததையும் பன்றி காணாமல் போனதையும் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போவாள். சாவு அறிவிப்பும் அவள்தான்: பேர், வயது, அடக்கம் எத்தனை மணிக்கு. கொரோனா வந்த வருஷம் பன்றியைத் தேட ஆளில்லை. சாவைச் சொல்லியே அவள் தொண்டை கட்டிப்போனது.

அந்த நேரம் பார்த்து அவள் அப்பா தியோஃபிலோ படுத்துவிட்டார். வயது எழுபத்தொன்பது. மூச்சு இழுத்தது, உதடு நீலம் பாரித்தது. ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, உங்க வயசுல அங்க சேர்ந்தவங்கள்ல பத்துக்கு ஆறு பேர் பொழைச்சிருக்காங்களாம். டாக்டரம்மாவே சொன்னாங்க. சீக்கிரமா போனா இன்னும் நல்லதாம்."

"எந்த ஆறு பேரு? பேரைச் சொல்லு பாப்போம். எழுபத்தஞ்சைத் தாண்டினவன் செத்தான், செத்தான்னுதானே தினமும் கத்துற? ஒருத்தனாவது திரும்பி வந்தான்னு சொல்லியிருக்கியா?"

நெல்ஃபிக்குச் சுருக்கென்றது. பிழைத்து வந்தவனுக்குக் காசு கொடுத்து யார் அறிவிப்புச் செய்வார்கள்? செத்தவர்களை மட்டுமே சொல்லிச் சொல்லி, அப்பாவின் நெஞ்சில் பயத்தை ஏற்றியது தன் குரல்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு எர்மெலிந்தாவை அழைத்து வந்தாள். போன மாதம் அதே ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டவள். தலைக்குச் சாயம், உதட்டுக்குச் சாயம், வயது அறுபத்தெட்டு. பல வருஷமாகவே அறுபத்தெட்டு.

வாசலில் நின்றபடியே, "நான் போயிட்டுத் திரும்பி வரலையா அண்ணே? கிளம்புங்க" என்றாள்.

"நீ சின்னப் பொண்ணும்மா. அறுபதுல இருக்கிறவங்க தப்பிச்சுக்குவாங்க. என் கணக்கு வேற."

எர்மெலிந்தா தெருவைப் பார்த்தாள். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. பிறகு விறுவிறுவென்று வண்டிக்குப் போய் மைக்கைக் கையில் எடுத்தாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. எர்மெலிந்தா பேசறேன். ஆஸ்பத்திரியில படுத்துட்டு உயிரோட திரும்பி வந்திருக்கேன். வயசு..." ஒலிபெருக்கி கொஞ்ச நேரம் வெறுமனே இரைந்தது. "எண்பத்திரெண்டு!"

தெரு முழுக்க ஜன்னல்கள் திறந்தன. உள்ளே தியோஃபிலோ சிரிக்கப் போய் இருமினார்.

"அடிப்பாவி! இத்தனை வருஷமா என்னைப் போய் அண்ணேன்னு கூப்பிட்டியே!"

"கூப்பிட்டேன். இப்ப எந்திரிடா தம்பி."

அவர் தொப்பியைக் கேட்டார். பத்தில் நான்கு பேர் திரும்பவில்லை என்பதும் நெல்ஃபிக்குத் தெரியும். அதை வாய்க்குள்ளேயே விழுங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

"போயிட்டு வரேன்க்கா" என்றார் தியோஃபிலோ.

வந்தார், பாதியாக மெலிந்து. அன்று நெல்ஃபி காசு வாங்காமல் தெருத்தெருவாக அறிவித்தாள்: பேர், வயது, வீடு திரும்பினார். அதற்குப் பிறகு பிழைத்து வந்த ஒவ்வொருவரையும் அப்படியே அறிவித்தாள். எர்மெலிந்தாவை மட்டும் மறுபடி சொல்லவில்லை. அவள் பழையபடி அறுபத்தெட்டு ஆகியிருந்தாள், ஊரும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது.