மூன்று பாதைகளும் ஒரு டோக்கனும்

கவரைப்பேட்டை டீக்கடையில் என்னைப் பார்த்தால் யாராவது ஒருத்தன் போனை நீட்டிவிடுவான். அதில் எவனோ வெளிநாட்டுக்காரன் காலில் நீளப் பலகை கட்டிக்கொண்டு வெள்ளைவெளேர் என்ற மலையில் சர்ரென்று இறங்கிக்கொண்டிருப்பான். "அண்ணே, நீ இதெல்லாம் ஓட்டிகிறியாமே? எந்த ரூட்டு சூப்பரு, எந்த ரூட்டு பேஜாரு?" என்பான். மார்கழியில்கூட ஃபேன் இல்லாமல் தூங்க முடியாத ஊர்க்காரன் பனியில் சறுக்கினேன் என்றால் கேட்கத்தானே செய்வார்கள். நானும் பிடித்த பாதை இது, கஷ்டமான பாதை இது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். அந்தக் கஷ்டமான பாதையில் என் கூட்டாளியின் வலது கை விரல்கள் போனதையும், போனதற்கு நான்தான் காரணம் என்பதையும் டீக்கடையில் சொன்னதில்லை.

அவனும் நானும் கும்மிடிப்பூண்டி ரோலிங் மில் ஒன்றில் எட்டு வருஷம் ஒரே ஷிஃப்ட். அவன் வெல்டர், நான் ஃபிட்டர். மில்லை மூடியதும் இரண்டு பேரும் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனிக்கு கான்ட்ராக்டில் போனோம். அந்தக் கம்பெனி வடக்கே இமயமலையில் ஒரு சறுக்கு ஊரில் லிஃப்ட் பராமரிக்கும் வேலையை எடுத்திருந்தது. லிஃப்ட் என்றால் கட்டடத்து லிஃப்ட் இல்லை. மலையடியிலிருந்து உச்சிவரை தூண்கள் நட்டு, அதன்மேல் இரும்புக் கயிறு ஓடும். கயிற்றில் நாற்காலிகள் தொங்கும். சறுக்க வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து மேலே போவார்கள். கீழே வருவது அவரவர் கால்பாடு. தூணில் வேலை செய்கிற நாங்களும் அப்படித்தான் இறங்க வேண்டும் என்பது அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியவந்தது. யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன்.

சரிவுகளுக்கெல்லாம் பொறுப்பாக அந்த ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். ஐம்பது வயசு இருக்கும். மலைக்காரர் என்றுதான் நாங்கள் அவரைச் சொல்வோம். அவர்தான் எங்களுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தார். "ஆகே! ஆகே!" என்று இந்தியில் கத்துவார். முன்னால் சாய் என்று அர்த்தம். பள்ளத்தைப் பார்த்ததும் உடம்பு பின்னால் சாயும். சாய்ந்தால் பலகை நம்மை விட்டுவிட்டு ஓடிவிடும், நாம் மல்லாக்க விழ வேண்டியதுதான். எனக்கு இது வரவே இல்லை. மில்லில் பழுக்கக் காய்ச்சிய கம்பி சில சமயம் தடத்தை விட்டுத் துள்ளி ஆள்மேல் பாயும். கம்பி சத்தம் மாறினாலே உடம்பு தானாகப் பின்னால் போய்விடும். எட்டு வருஷம் என்னைக் காப்பாற்றிய பழக்கம், பனியில் என்னைப் பதினைந்து நாள் மல்லாக்கப் போட்டது. அதே மில்லில் வேலை செய்த அவன் நாலே நாளில் கற்றுக்கொண்டான். எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாதைகளுக்குப் போட்டிருந்த இங்கிலீஷ் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. அவனே பெயர் வைத்தான்.

முதல் பாதை பைபாஸ். நாலு லாரி பக்கத்தில் பக்கத்தில் போகலாம், அவ்வளவு அகலம். சரிவும் கொஞ்சம்தான். புதுசாக வந்தவர்கள், குழந்தை குட்டிகள், என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிகள் எல்லாரும் அதில்தான். ஒரு வாரத்தில் அலுத்துவிடும்.

இரண்டாவது எனக்குப் பிடித்த பாதை. தேவதாரு மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையாக வளைந்து வளைந்து இறங்கும். இரண்டு தோளிலும் கிளை உரசும். முதல் தடவை அதில் இறங்கி வந்து நின்றதும் அவன் மூச்சு வாங்கிக்கொண்டே, "பெரியபாளயத்துல வேப்பஞ்சேல கட்டிக்கினு கோயில சுத்துவோமே, அந்த மாரி கீதுடா, ஒடம்பெல்லாம் எல ஒரசுது" என்றான். சின்ன வயசில் அம்மை போட்டுப் பிழைத்ததற்காக அவனுக்கு அந்த வேண்டுதல் செய்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்தப் பாதை பெரியபாளையம். காற்று உள்ளே வராது. விழுந்தாலும் மெத்தென்ற பனி. சாயங்காலம் அதில் தனியாக இறங்கும்போது நான் வாய்விட்டுப் பாடியிருக்கிறேன். என் வாழ்க்கையில் இனாமாகக் கிடைத்த சந்தோஷம் என்று எதையாவது சொல்ல வேண்டும் என்றால் அதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது மில்லு. கடைசித் தூணிலிருந்து நேராகச் செங்குத்தாக விழும். மரம் கிடையாது. காற்று பனியை வழித்துக்கொண்டு போய்விடுவதால் கீழே கண்ணாடி மாதிரி ஐஸ் மட்டும்தான். நடுவில் ஒரு திருப்பம், அதைத் தாண்டினால் என்ன இருக்கிறது என்று தாண்டுகிறவரை தெரியாது. கம்பி எப்போது துள்ளும் என்று தெரியாத பயம் அங்கேயும் இருந்ததால்தான் அந்தப் பெயர். நான் அதில் இரண்டு தடவை இறங்கினேன், இரண்டு தடவையும் பாதித் தூரம் முதுகில்தான் வந்தேன். அவனும் விழாமல் இறங்கியதில்லை. ஆனால் ஒரு தடவையாவது விழாமல் இறங்கிவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தான்.

இனி டோக்கன் விஷயம். மில்லில் எங்கள் எல்லாருக்கும் நம்பர் அடித்த பித்தளை டோக்கன் உண்டு. கேட்டில் உள்ள பலகையில் அதை மாட்டினால் ஆள் வந்தாயிற்று என்று கணக்கு. கவரைப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால் பத்து நிமிஷம் தாமதம், பத்து நிமிஷத்துக்கு அரைநாள் போய்விடும். அதனால் முதலில் வருகிறவன் மற்றவனுடையதையும் சேர்த்து மாட்டிவிடுவான். அவன் எனக்கு மாட்டியிருக்கிறான், நான் அவனுக்கு மாட்டியிருக்கிறேன். அதைத் தப்பு என்று நாங்கள் நினைத்ததே இல்லை. கூட்டாளி என்றால் டோக்கன் மாட்டிவிடுகிறவன், அவ்வளவுதான்.

மலையடியில் லிஃப்ட் ரூமிலும் அப்படி ஒரு டோக்கன் பலகை இருந்தது. மேலே போகிறவன் தன் டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும், கீழே வந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். நாலு மணிக்கு லிஃப்ட் நிற்கும். மலைக்காரர் பலகையைப் பார்ப்பார். ஏதாவது கொக்கி காலியாக இருந்தால் உடனே ஆட்களோடு தேடப் போவார். முதல் நாளே எங்களை வரிசையாக நிறுத்திச் சொன்னார். அடிபட்டால் இருக்கிற இடத்திலேயே இருங்கள், நகர்ந்தால் பாதை விட்டுப் போய்விடுவீர்கள், நீங்கள் வரவில்லை என்பதை டோக்கன் பலகை எனக்குக் காட்டிவிடும், நான் வருவேன் என்று. தலையாட்டினோம். காதில் வாங்கினேன், மனசில் வாங்கவில்லை.

இரண்டாவது பனிக்காலத்தில் ஒரு நாள். முந்தின சாயங்காலம் அவன் தாமதமாக இறங்கினான் என்று எங்கள் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். இன்னொரு தடவை இப்படி ஆனால் ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவேன் என்றார். மறுநாள் மூன்று மணிக்குக் கடைசித் தூணில் வேலை முடிந்தது. ஒரு போல்ட் மட்டும் பாக்கி. "நீ பைய எட்துகினு போடா. ஒரு ஸ்பேனரு போதும், நா இத்த முடிச்சிட்டு மில்லுல வந்துர்றேன்" என்றான். அவன் கண்ணில் அந்தப் பிடிவாதம் தெரிந்தது. நான் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெரியபாளையம் வழியாகச் சாவகாசமாக இறங்கினேன். அன்றைக்கும் பாடினேன்.

கீழே வந்து என் டோக்கனை மாட்டினேன். ஸ்பேனரைத் துடைத்து வைக்கப் பையைத் திறந்தால் பக்கவாட்டு அறையில், காலையில் அவன் போட்டு வைத்த அவனுடைய டோக்கன் கிடந்தது. மணி மூன்றே முக்கால். சூப்பர்வைசர் எந்த நேரமும் வருவார். நான் யோசிக்கக்கூட இல்லை. எட்டு வருஷப் பழக்கத்தில் கை போய் மாட்டிவிட்டது. மாட்டிவிட்டு, கூட்டாளிக்கு ஒரு நல்லது செய்த திருப்தியோடு போய் டீ குடித்தேன். பிறகு ஹீட்டர் பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டேன்.

ஆறரைக்கு எழுந்தபோது அவன் படுக்கை காலையில் மடித்து வைத்தபடியே இருந்தது. ஓடினேன். மலைக்காரரிடம், அவன் வரவில்லை என்றேன். அவர் பலகையைக் காட்டி, டோக்கன் இருக்கிறதே என்றார். வரவில்லை, வரவில்லை என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. அவர் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

மில்லுத் திருப்பத்துக்குக் கீழே கிடந்தான். கால் முறிந்திருந்தது. வலது கையில் கையுறை இல்லை. கை மெழுகு மாதிரி வெளுத்து, சறுக்கும்போது ஊன்றுகிற கம்பை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தது. கம்பிலிருந்து விரல்களைப் பிரிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் இருபது நாள் கழித்துக் கட்டைவிரல் தவிர மற்ற நாலையும் எடுத்துவிட்டார்கள்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. சூப்பர்வைசர் ஒரு தாளை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "டோக்கன் மாட்டியிருந்திச்சு. அப்போ அவன் கீழ வந்துட்டு, லிஃப்ட் நிக்கறதுக்குள்ள திரும்ப மேல போயிருக்கான், விளையாடறதுக்கு. அப்படித்தானே?" என்றார். இல்லை சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஊருக்கு டிக்கெட் ஞாபகம் வந்தது. வீட்டு லோன் ஞாபகம் வந்தது. "தெரில சார். வந்துருப்பான்" என்றேன். எழுதிக்கொண்டார். விதியை மீறி விளையாடப் போய் அடிபட்டவன் என்று அறிக்கை ஆனது. அப்படிப்பட்டவனுக்கு நஷ்டஈடு கிடையாது என்றார்கள். பள்ளத்தைப் பார்த்ததும் பின்னால் சாய்கிற ஆள் நான், அன்றைக்கும் சாய்ந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் மாசா மாசம் அவன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆப்பிள், ஹார்லிக்ஸ் ஏதாவது வாங்கிப் போவேன். அவன் மனைவி ஒரு கம்பெனி கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவன் இடது கையால் சாப்பிடப் பழகியிருந்தான். அவனைப் பார்த்துக்கொண்டே கிரிக்கெட் பேசிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருக்கும்.

போன மாசம் எங்கள் கம்பெனி கேட்டில் முகத்தைக் காட்டினால் வருகை பதியும் மெஷினை வைத்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன், "இனிமே ஒருத்தனுக்கு ஒருத்தன் மாட்டி வுட முடியாது மச்சான்" என்று சிரித்தான். வரிசையை விட்டு விலகி நேராகக் கூட்டாளி வீட்டுக்குப் போனேன். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், இரண்டு வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"அன்னிக்கி மேல இன்னாடா பண்ணிக்கினு இருந்த?"

டிவியை அணைத்தான்.

"இன்னா பண்றது? கால் ஒட்ஞ்சிச்சி. போன் எடுக்க கிளவுச கழட்டுனேன், அது வழுக்கினு போயிடுச்சி. போன்லயும் சிக்னல் இல்ல. கீழ லிஃப்ட் ரூமு தெரிஞ்சிச்சி. தவழ்ந்தா கூட போயிருப்பேன், கை நல்லாத்தான் இருந்திச்சி. ஆனா அவரு இன்னா சொன்னாரு, டோக்கன் இல்லன்னா நா வருவேன், நகராதன்னாரு. அதான் குந்திக்கினு இருந்தேன். வர்றவங்களுக்கு தெரியணுமேன்னு கம்ப தூக்கி புட்சிகினு இருந்தேன். ஐஸ்ல நட்டா நிக்கல."

"டோக்கன நாந்தான்டா மாட்டுனேன்" என்றேன்.

"தெரியும். பை உன் தோள்லதான இருந்திச்சி."

எனக்கு அழுகை வந்தது. "தெரிஞ்சும் ஏன்டா யார்கிட்டயும் சொல்லல?" என்று அவன்மேலேயே கோபப்பட்டேன்.

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். மேல மூணு மணி நேரம் குந்திக்கினு இருந்தேன், இங்க ரெண்டு வருஷமா குந்திக்கினு கீறேன்." அவன் குரல் உயரவே இல்லை. "நஷ்டஈடு வருதோ இல்லியோ. வெளாடப் போனவன்னு எழ்தி வெச்சிகிறானுங்க. எம் பொண்ணு அத்த படிச்சிட்டு, ஏம்பா போனன்னு கேக்குறா."

எழுந்து அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் இடது கையால் எடுத்து என் முன்னால் வைத்தான்.

"எனக்கு எழ்த வெரலு இல்ல. நீ எழ்து."

எழுதினேன். அவன் கீழே வரவே இல்லை, அவன் டோக்கனை மாட்டியது நான், விசாரணையில் நான் சொன்னது பொய் என்று மூன்றே வரி. வாய்விட்டுப் படிக்கச் சொன்னான், படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். பிறகு தாளின் அடியைக் கட்டைவிரலால் தொட்டுக் காட்டினான்.

"உம் பேரப் போடு" என்றான்.