பஞ்சுருட்டான் கரை

புதாற்றின் கரையில் பூதலூரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். வைகாசி மாதம். ஆற்றில் தண்ணீர் விட இன்னும் நாள் இருந்ததால் காய்ந்த படுகையில் ஆடுகள் நின்றன. என் தோளில் ஒரு சாக்குப் பை. அதில் இரண்டு கைலி, ஒரு சட்டை, ஒரு போர்வை, ஒரு டார்ச். செருப்பில் ஒன்று வார் அறுந்து வழியிலேயே போய்விட்டது. இன்னொன்றையும் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு நடந்தேன்.

ஒரு மனிதனை எப்படி நஷ்டப்படுத்துவது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். அன்று காலை வரை அவர் என் முதலாளி.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அதற்குப் பிறகு லாரியில் கிளீனர், திருப்பூரில் பனியன் மூட்டை தூக்குவது, பாலக்காட்டில் ஓட்டலில் பாத்திரம் கழுவுவது என்று போயிற்று. எங்கேயும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. கால் அரிக்கும், கிளம்பிவிடுவேன். இந்த ஒரு இடத்தில் மட்டும் இரண்டு வருஷம் இருந்தேன். காரணம் சம்பளமும் இல்லை, முதலாளியும் இல்லை.

முதலாளிக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. துபாயில் இருந்துவிட்டு வந்து அப்பாவின் நிலத்தோடு பக்கத்து நிலத்தையும் குத்தகைக்கு எடுத்துப் பன்னிரண்டு ஏக்கர் பார்த்தார். போர்வெல் தண்ணீர் இருந்ததால் கோடையிலும் நெல்தான். மோட்டார் போடுவது, மடை திருப்புவது, வரப்பில் ஆடு ஏறாமல் பார்ப்பது என் வேலை. மோட்டார் கொட்டகையிலேயே ஒரு கயிற்றுக் கட்டில் போட்டுக்கொண்டேன்.

கொட்டகைக்குப் பின்னால் எப்போதோ செங்கல் சூளைக்கு மண் வெட்டியதில் வாய்க்கால் கரை ஒரு பக்கம் ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக நின்றது. மாசி பிறந்ததும் அந்தச் சுவரில் பஞ்சுருட்டான் குருவிகள் வந்து பொந்து தோண்டின. பச்சை உடம்பு, கண்ணுக்கு மை தீட்டினது மாதிரி ஒரு கறுப்புக் கோடு, வாலின் நடுவில் ஊசி மாதிரி இரண்டு இறகு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அலகால் மண்ணைக் குத்திவிட்டுப் பின்னாலேயே நகர்ந்து காலால் தள்ளும். கொட்டகைக்கு வரும் கரண்டு கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒரு தும்பி பறந்தால் போதும், ஒன்று மட்டும் கிளம்பிப் பிடித்துக்கொண்டு அதே இடத்துக்கு வந்து கம்பியில் அடித்துச் சாகடிக்கும். அந்த டக் டக் சத்தத்தில்தான் எனக்குப் பொழுது விடியும்.

அது மட்டுமா. மேட்டில் நின்ற மொட்டைப் பனையில் ஒரு பனங்காடை. உட்கார்ந்திருக்கும்போது காய்ந்த மட்டை மாதிரி இருக்கும். பறந்தால் இறக்கையில் அத்தனை நீலம். வடிகால் கோரைக்குள் நீலக்கோழிகள், சிவப்பு மூக்கோடு, கல்யாண வீட்டுக்கு வந்த பெரிய மனுஷி மாதிரி நடந்து போகும். வேம்பில் மாங்குயில் ஒரு ஜோடி. மீன்கொத்தி ஒன்று என் குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து நான் சோப்புப் போடுவதைப் பார்க்கும். என்னை எந்த ஊரிலும் யாரும் அவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்ததில்லை.

முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. "நீ மோட்டாரப் பாத்ததவிட குருவியப் பாத்ததுதான்யா அதிகம்" என்பார். உண்மைதான். ஒரு தரம் பனங்காடை குட்டிக்கரணம் போடுவதைப் பார்த்து நின்றதில் மடை உடைந்து பக்கத்து வயலுக்குத் தண்ணீர் போய்விட்டது. ஆனால் இரண்டு வருஷத்தில் அந்த ஒரு தரம்தான்.

இந்த வருஷம் கதிர் முற்றும் நேரத்தில் எலி வெட்டு ஆரம்பித்தது. காலையில் போய்ப் பார்த்தால் தாள் நடுவில் கத்திரி வைத்து நறுக்கினது மாதிரி விழுந்து கிடக்கும். எங்கள் பக்கத்தில் எலிக்கு மருந்து வைக்க ஒரு முறை இருக்கிறது. முதல் நாள் வரப்பில் இருக்கிற வளை எல்லாவற்றையும் சேற்றால் அடைத்துவிட வேண்டும். மறுநாள் எது திறந்திருக்கிறதோ அதில்தான் எலி குடியிருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு நொச்சிக் குச்சியை நட்டுவிட வேண்டும். மருந்துக்காரர்கள் குச்சியைப் பார்த்து வந்து மாத்திரை போட்டுச் சேறு அப்பிவிட்டுப் போவார்கள். அவர்கள் யோசிக்க வேண்டியதே இல்லை. குச்சி இருந்தால் மாத்திரை.

நான்தான் வரப்பு முழுக்க அடைத்தேன். நான்தான் குச்சி நட்டேன்.

ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே வாய்க்கால் கரைமேலும் நொச்சிக் குச்சி நட்டிருந்தேன். ஆடு ஓட்டி வருகிறவர்கள் கரை விளிம்பில் நடந்தால் மண் சரிந்து பொந்து மூடிவிடும். குச்சியைப் பார்த்தால் ஒதுங்கிப் போவார்கள் என்று ஒன்பது பொந்துக்கும் நேர் மேலே ஒன்பது குச்சி. மழை இல்லாத மாசத்தில் தினமும் தண்ணீர் ஊற்றினதில் சிலது துளிர்த்தும் விட்டது. அவற்றைப் பிடுங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் மருந்துக்காரர்கள் வருவதற்கு முந்தின சாயங்காலமே முதலாளியிடம் சொன்னேன்.

"முதலாளி, கரை மேல இருக்கிற குச்சி குருவிக்கு வச்சதுங்க. எலிக்கு இல்ல. வரப்போட நிறுத்திக்கச் சொல்லுங்க."

போனைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றார்.

மறுநாள் மருந்துக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். நான் கடைசிக் கொல்லையில் மடை அடைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது அவர்கள் வாய்க்கால் கரையில் நின்றிருந்தார்கள். முதலாளியும் நின்றிருந்தார். ஆறு பொந்து அடைத்தாயிற்று. நான் சேறும் தண்ணீருமாக ஓடினேன்.

மருந்துக்காரர்களில் மூத்தவர் அப்போதே தயங்கிக்கொண்டுதான் இருந்தார். "முதலாளி, இது குருவிப் பொந்துங்க. கீழ எச்சம் கெடக்கு பாருங்க. உள்ளேருந்து சத்தம் வேற வருது."

"எலிக்கும் வாய் இருக்குல்ல? கத்தும். குச்சி இருக்கா இல்லையா?"

"இருக்குதுங்க."

"அப்பறம் என்னய்யா? வளைன்னா வளைதான். போடு."

நான் குறுக்கே போய் நின்றேன். "நேத்தே சொன்னேனே முதலாளி. குஞ்சு இருக்குதுங்க. இன்னும் பத்து நாள்ல பறந்துடும்."

"பறக்கட்டும். ஏன்யா, ஒனக்கு யாரு சோறு போடறது? நானா, குருவியா?" சிரித்தார். மருந்துக்காரர்களைப் பார்த்துச் சொன்னார்: "இவரு குருவிக்கு நாட்டாமை. காலையில பஞ்சாயத்து, சாயங்காலம் பஞ்சாயத்து. மோட்டார் மட்டும் தானா ஓடணும்."

இளையவன் சிரித்தான். மூத்தவர் சிரிக்கவில்லை. டப்பாவை மூடிக் கையில் வைத்துக்கொண்டார்.

முதலாளி அதைப் பிடுங்கி மிச்சம் மூன்று பொந்திலும் அவரே போட்டார். சேற்றை உருட்டி என்னிடம் நீட்டினார். "நீ வச்ச குச்சிதான? நீயே அப்பு." நான் வாங்கவில்லை. அவர் கையைப் பிடித்தேன். அவர் என் கையைப் பார்த்தார். விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவரே அப்பினார். உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார், மாட்டைத் தட்டிக்கொடுப்பது மாதிரி.

கம்பியில் பஞ்சுருட்டான்கள் வந்து உட்கார்ந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் தும்பியோ தேனீயோ இருந்தது. பொந்து இருந்த இடத்துக்குப் பறந்து வந்து சுவரில் மோதுகிற மாதிரி நின்று மறுபடி கம்பிக்குப் போயின. சாப்பிடவும் இல்லை, கீழே போடவும் இல்லை. அதையே திரும்பத் திரும்பச் செய்தன.

அவர்கள் போனதும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கைக்கோடாலியால் தோண்டினேன். பூண்டு வாடை மாதிரி ஒரு வாடை. தலை சுற்றி இரண்டு தரம் தள்ளிப் போய் உட்கார்ந்தேன். ஒரு பொந்தில் நாலு குஞ்சு, ஒன்றில் ஐந்து. பச்சை இறகு குழல் குழலாக அப்போதுதான் முளைத்திருந்தது. மூன்று பொந்தில் தாயும் உள்ளேயே இருந்தது. ஒன்றுகூட அசையவில்லை. வேம்புக்கு அடியில் ஒரே குழியாக வெட்டிப் போட்டேன்.

மறுநாள் முதலாளி குழியைப் பார்த்துவிட்டார். "கருமாதி எப்பய்யா? சொல்லு, எல போட்டுடுவோம்" என்றார்.

அதற்குப் பிறகும் பன்னிரண்டு நாள் அங்கேயே இருந்தேன். போக்கிடம் இல்லாமல் இருந்ததாக அவர் நினைத்திருப்பார். நான் வழி தேடிக்கொண்டிருந்தேன்.

மோட்டார் காயிலை எரிய விடலாம். ஒரு ஃபேஸ் இல்லாத நேரத்தில் ஓட விட்டால் போதும். ஆனால் புதுக் காயில் கட்டிக்கொள்வார், இரண்டு நாள் வேலை. வைக்கோல் போரில் நெருப்பு வைக்கலாம். காற்று அடித்தால் பக்கத்துக் குடிசைக்குப் போகும், அவர்கள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. வனத்துறையில் புகார் கொடுத்தால் என்ன என்று கடைத்தெருவில் ஒருவரிடம் கேட்டேன். "மயிலுன்னா வருவாங்க அண்ணே. பஞ்சுருட்டானுக்கா?" என்றார். முதலாளியையே கட்டையால் அடிக்கலாம். தினமும் ஒரு தரமாவது அதை நினைத்துப் பார்த்தேன். எந்தக் கட்டை, எந்த இடம் என்பதுவரை. ஆனால் அவருக்கு வலி இரண்டு நாளில் போய்விடும், நான் உள்ளே கிடப்பேன்.

இந்தப் பன்னிரண்டு நாளும் வேலையில் குறை வைக்கவில்லை. தண்ணீரை வடித்தேன். தரை காய்ந்தது. வெடிப்பு விட்டது. கதிர் மஞ்சளாகித் தலை தொங்கியது. பன்னிரண்டு ஏக்கரும் ஒரே பதம். அந்த வட்டாரத்தில் அப்படி ஒரு நெல் அந்த வருஷம் இல்லை. கம்பியில் ஒரு பஞ்சுருட்டானும் இல்லை. பனங்காடையும் எங்கேயோ போய்விட்டது.

பதிமூன்றாம் நாள் காலையில் முதலாளி வந்தார். "நாளைக்கோ நாளன்னைக்கோ அறுப்பு மிஷின் வந்துடும். அதுக்கப்பறம் ஒனக்கு இங்க வேல இல்ல. குறுவைக்கு வேற ஆளு பாத்துட்டேன்."

"சரிங்க" என்றேன். அப்போதே பையை எடுத்தேன். "ஏய், அறுப்பு வரைக்கும் இருய்யா" என்று பின்னால் கூப்பிட்டார். திரும்பவில்லை. அப்படித்தான் புதாற்றுக் கரையில் நடந்தேன்.

சாயங்காலம் பூதலூர் வந்து சேர்ந்தபோது மேற்கே இடி இடித்துக்கொண்டிருந்தது. நாலு நாளாகவே அப்படித்தான், இடித்துவிட்டுக் கலைந்துவிடும். ஸ்டேஷன் பெஞ்சில் படுத்துத் தூங்கினேன்.

காலையில் ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் நின்றேன். ரோட்டோரம் ஒரு லாரிமேல் அறுப்பு மிஷின், டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடுகிற மிஷின், சேலம் பக்கத்திலிருந்து வந்தது. அதன் புரோக்கர் போனில் கத்திக்கொண்டிருந்தார். வழி காட்டுகிற ஆளுக்குக் காய்ச்சல், வரவில்லை. டிரைவருக்கு ஊர் தெரியாது. எந்த வரப்பில் ஏறலாம், எந்த வயல் காய்ந்திருக்கிறது, எங்கே புதையும் என்று முன்னால் நடந்து சொல்ல ஒரு ஆள் வேண்டும். கோடை அறுப்பில் மிஷின் கிடைப்பதே கஷ்டம். அந்த வட்டாரத்துக்கு வந்தது இது ஒன்றுதான். மழை பிடித்தால் முற்றின கதிர் சாய்ந்து முளைத்துவிடும், முதலில் யார் வயலில் இறங்குகிறதோ அவர் தப்பித்தார்.

டம்ளரை வைத்துவிட்டுப் போய் நின்றேன்.

"நான் வரேங்க. ரெண்டு வருஷம் அந்தப் பக்கம்தான் தண்ணி கட்டிட்டு இருந்தேன்."

மேலும் கீழும் பார்த்தார். "யாருகிட்ட?"

சொன்னேன்.

"அட, அவருதான்யா நேத்துலேருந்து உசுர எடுக்கறாரு. மொதல்ல அங்கதான் எறக்கணும்னு இருக்கேன். வயலு எப்படி?"

"நெல்லு நல்லா இருக்குங்க. தரைதான் காயல." என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "முந்தாநாள் வரைக்கும் கசிவு. வடிகால் தூந்து கெடக்கு. பெல்ட்டே பொதைஞ்சிடும். பொதைஞ்சா கெளப்ப ஒங்களுக்கு ஒரு நாள் போயிடும்."

"அவரு கல்லு மாதிரி இருக்குன்னாரு."

"அவரு வயல்ல எறங்கியே ஒரு மாசம் ஆச்சுங்க. தண்ணி கட்டினவன் நான்."

டிரைவர் எட்டிப் பார்த்தார். "அண்ணா, பொதையற எடமே வேணாங்ண்ணா. போன வாரமே ஒரு தடவ பட்டது போதும்."

புரோக்கர் யோசித்தார். மேற்கே பார்த்தார். "அப்ப எப்ப பாக்கலாங்கற?"

"வடக்க நாலஞ்சு பேரு சின்னச் சின்ன வயலு, நல்லாக் காஞ்சு கெடக்கு. அத முடிச்சிடுவோம். இவரக் கடைசியில வச்சுக்கலாம். அஞ்சு நாள் போகட்டும்."

போன் அடித்தது. முதலாளிதான். புரோக்கர் எடுத்தார். "இல்லீங்க, நாளைக்கு முடியாதுங்க. ஈரம் காயலயாமே... நான் சொல்லலீங்க, ஒங்க ஆளே இங்க நின்னு சொல்றாரு... ஆமாங்க, மோட்டார் கொட்டாயில இருந்தவருதான்."

என் பெயரைச் சொல்லாமலே யார் என்று அவருக்குப் புரிந்திருக்கும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. மழை வந்தாலும் வராவிட்டாலும், இந்த ஐந்து நாளும் அவர் அந்த நெல்லைப் பார்த்துக்கொண்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு, என்னை நினைத்துக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு போனிலிருந்து வந்த சத்தத்தில் புரோக்கர் அதைக் காதைவிட்டுத் தள்ளிப் பிடித்தார்.

"என்னமோ கத்தறாரு. ஒங்களுக்குள்ள ஏதாவது தகராறா?"

"சம்பளத்த எல்லாம் ஒழுங்காக் குடுத்துட்டாருங்க" என்றேன். அது உண்மை.

"சரி ஏறு. வெறுங்காலா வந்திருக்க? தாளு குத்தும்யா."

"பழக்கந்தாங்க."

வயல் பக்கம் போய்ச் சேர்ந்ததும் லாரியிலிருந்து பலகை வைத்து மிஷினை இறக்கினார்கள். நான் முன்னால் நடந்து வடக்குப் பக்கத்து வண்டிப்பாதைக்குக் கை காட்டினேன்.